உதட்டுல வந்த கருப்பு வட்டமும் சல்ஃபா மாத்திரையும்

எங்க அம்மாவுக்கு கீழ் உதட்டு ஓரத்துல ஒரு கருப்பு வட்டம் இருந்துச்சு, ஒரு ரூபா காசைவிட கொஞ்சம் சின்னது. வெத்தலை போடுறதால வந்திருக்கும்னு ஒருத்தர் சொன்னாங்க, வயசானா அப்படித்தான்னு இன்னொருத்தர் சொன்னாங்க, நாங்களும் விட்டுட்டோம். ஆனா வருஷத்துக்கு ஒரு தடவை அந்த இடம் திடீர்னு சிவந்து, எரிஞ்சு, கொப்புளம் கட்டும், பத்து நாள்ல ஆறி முன்னைவிட கருப்பா நின்னுடும். மூணாவது தடவை உதட்டோட சேர்ந்து இடது முழங்கைக்குக் கீழயும் அதே மாதிரி ஒரு வட்டம் வந்தப்புறம்தான் தோல் டாக்டர்கிட்ட போனோம். அவர் டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு கேட்ட முதல் கேள்வி, "இது வர்றதுக்கு முன்னாடி என்ன மாத்திரை சாப்ட்டீங்கம்மா?" வயித்தால போச்சுன்னு மெடிக்கல் ஷாப்ல சொல்லி வாங்கினது, பேரு தெரியாது, வெள்ளையா இருக்கும், ரெண்டே மாத்திரை வெட்டிக் கொடுத்தாங்கன்னு அம்மா சொன்னாங்க. முந்தின ரெண்டு தடவையும் அதே கதைதான். அட்டையைத் தேடி எடுத்துப் பார்த்தா செப்ட்ரான் வகை மாத்திரை, அதாவது சல்ஃபாங்குற ஆன்டிபயாட்டிக் குடும்பத்து மருந்து.

டாக்டர் சொன்னது இதுதான். உடம்புல எந்த இடத்துல முதல் தடவை அந்த மருந்துக்கு அலர்ஜி வந்துச்சோ அந்த இடத்துத் தோல் அதை மறக்காது, அந்த மருந்தை அடையாளம் வச்சிருக்கிற டி செல்கள்ங்குற எதிர்ப்பு சக்தி செல்கள் அங்கயே குடித்தனம் இருக்கும், அடுத்த தடவை மாத்திரை உள்ள போன சில மணி நேரத்துல அதே இடத்துல தாக்க ஆரம்பிச்சுடும். ஃபிக்ஸ்டு டிரக் எரப்‌ஷன்னு இதுக்குப் பேரு. ஒவ்வொரு தடவையும் புது இடம் சேரலாம், சில பேருக்கு உடம்பு பூரா பரவி கொப்புளமா மாறவும் மாறலாம், நம்ம நாட்டுல இதைக் கொண்டு வர்ற மருந்துகள்ல செப்ட்ரான் வகைதான் அடிக்கடி மாட்டுற ஒண்ணுன்னார்.

அன்னைக்கு வீட்டுக்கு வந்ததுல இருந்து எனக்கு ஒரு கேள்வி ஓடிட்டே இருந்துச்சு. இந்த மருந்தைப் பத்தி பாடப் புத்தகத்துல எப்பவும் ஒரு பெருமை சொல்வாங்க, கிருமிகிட்ட மட்டும் இருக்கிற ஒரு வேலையைத்தான் இது நிறுத்தும், மனுஷ செல்கிட்ட அந்த வேலையே கிடையாது, அதனால நம்மளைத் தொடாதுன்னு. நம்மளைத் தொடாத மருந்து எப்படி எங்க அம்மா உதட்டை புண்ணாக்குச்சு? அதைவிட மோசமா சில பேருக்கு உடம்பு பூரா தோல் உரிஞ்சு ஐசியூவுல போய் படுக்குற அளவுக்கு எப்படிக் கொண்டு போகுது? இதுக்கு பதில் தேடிப் போனா அது 1932ல ஜெர்மனியில போய் நிக்குது.

எல்பர்ஃபெல்ட்ங்குற ஊர்ல பேயர் கம்பெனியோட ஆய்வுக்கூடம். அங்க ஜோசஃப் கிளாரர், ஃபிரிட்ஸ் மீட்ஸ்ச்னு ரெண்டு வேதியியல்காரங்க துணிக்குப் போடுற சாயம் மாதிரியான பொருட்களை வரிசையா செஞ்சு கொடுப்பாங்க, கெர்ஹார்ட் டோமாக்னு ஒரு டாக்டர் அதை எலிகளுக்குக் கொடுத்துப் பார்ப்பார். சாயம் துணியில ஒட்டுற மாதிரி கிருமியில ஒட்டி அதைக் கொல்லாதாங்குறதுதான் அவங்க கணக்கு. 1932 கடைசியில ஒரு சிவப்புச் சாயம், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி ஏத்துன எலிகளைக் காப்பாத்திடுச்சு, மருந்து கொடுக்காத எலிகள் எல்லாம் செத்துப் போச்சு. பிரான்டோசில்னு பேர் வச்சாங்க. 1935 பிப்ரவரியிலதான் உலகத்துக்கு வெளிய சொன்னாங்க. அதே வருஷம் டிசம்பர்ல டோமாக்கோட சின்னப் பொண்ணு ஹில்டகார்ட் கையில ஊசி குத்தி, சீழ் பிடிச்சு, கையையே எடுக்கணும்ங்குற நிலைமை வந்தப்போ அந்த அப்பா தன்னோட மருந்தையே பொண்ணுக்குக் கொடுத்துக் காப்பாத்தினார். 1939ல அவருக்கு நோபல் கிடைச்சப்போ நாஜி அரசாங்கம் வாங்கவிடல, 1947லதான் பதக்கத்தை வாங்குனார், பணம் கடைசி வரைக்கும் வரல.

இதுல ஒரு புதிர் இருந்துச்சு. அந்தச் சிவப்புச் சாயத்தை கண்ணாடிக் குழாய்ல இருக்கிற கிருமி மேல ஊத்துனா ஒண்ணுமே ஆகாது. உயிரோட இருக்கிற உடம்புக்குள்ள போனாத்தான் வேலை செய்யும். பாரிஸ்ல பாஸ்டர் இன்ஸ்டிடியூட்ல ஜாக் ட்ரெஃபுயெல், அவர் மனைவி தெரேஸ், நிட்டி, போவெட் எல்லாரும் சேர்ந்து 1935 கடைசியில அந்தப் புதிரை அவிழ்த்தாங்க. உடம்பு அந்தச் சாயத்தை ரெண்டா உடைக்குது, உடைஞ்சதுல ஒரு பாதி சல்ஃபனிலமைட்னு நிறமே இல்லாத ஒரு சின்ன மூலக்கூறு, அதுதான் மருந்து, சிவப்பு கலர் சும்மா கூட வந்தது. அந்த சல்ஃபனிலமைடை 1908லயே வியன்னாவுல பால் கெல்மோனு ஒருத்தர் செஞ்சு வச்சுட்டார், அதோட காப்புரிமைக் காலமும் முடிஞ்சு போச்சு. அதாவது யார் வேணும்னாலும் செஞ்சு விக்கலாம். இந்த ஒரு விஷயத்தால நல்லதும் நடந்துச்சு, பெரிய கொடுமையும் நடந்துச்சு, அதைப் பிறகு சொல்றேன். இப்போதைக்கு ஒண்ணை மட்டும் மனசுல வச்சுக்குங்க, மருந்தை மருந்தா ஆக்கினதே நம்ம உடம்பு அதை உடைச்ச விதம்தான்.

சரி, இது கிருமியை என்ன பண்ணுது? 1940ல இங்கிலாந்துல டொனால்ட் உட்ஸ், பால் ஃபைல்ட்ஸ் ரெண்டு பேரும் கண்டுபிடிச்சாங்க. ஈஸ்ட் சாறு சேர்த்தா சல்ஃபா வேலை செய்யாமப் போகுதுன்னு கவனிச்சு, அந்தச் சாறுல என்ன இருக்குன்னு தேடுனா பாரா அமினோ பென்சாயிக் ஆசிட்னு ஒரு பொருள், சுருக்கமா பிஏபிஏ. அதோட உருவமும் சல்ஃபாவோட உருவமும் அண்ணன் தம்பி மாதிரி. கிருமிக்கு ஃபோலேட்ங்குற வைட்டமின் வேணும், அது இல்லாம டிஎன்ஏ எழுத முடியாது, டிஎன்ஏ எழுத முடியலைன்னா ஒண்ணு ரெண்டாக முடியாது. அந்த ஃபோலேட்டை கிருமி தானே சமைச்சுக்கும், அதுக்கு பிஏபிஏதான் அரிசி மாதிரி முக்கியப் பொருள். அதைப் பிடிச்சு சேர்க்கிற ஒரு என்சைம் இருக்கு, சல்ஃபா போய் பிஏபிஏ உக்கார வேண்டிய இடத்துல உக்காந்துக்கும். அடுப்பு இருக்கு, பாத்திரம் இருக்கு, அரிசிக்குப் பதிலா அரிசி மாதிரியே தெரியுற கல்லு. கிருமி உடனே சாகாது, பெருகுறது நிக்கும், மீதியை நம்ம வெள்ளை அணுக்கள் பாத்துக்கும். சீழ் நிறைய கட்டியிருக்கிற இடத்துல இது ஏன் சரியா எடுபடாதுங்குறதுக்கும் பதில் இங்கயே இருக்கு, சீழ்ல செத்த செல்கள்ல இருந்து கசிஞ்ச தயார் பொருட்கள் ஏராளமா கிடக்கும், கிருமிக்கு சமைக்க வேண்டிய அவசியமே இல்லை. சீழை வெளிய எடுக்காம மாத்திரையை மட்டும் முழுங்கிட்டு இருந்தா பலன் குறைவு.

நாம ஃபோலேட்டை சமைக்கிறது இல்ல, சாப்பாட்டுல வாங்கிக்கிறோம், கீரை, பருப்பு, ஈரல் இதுல இருந்து. அதனாலதான் இந்த என்சைம் நமக்குக் கிடையாது, சல்ஃபாவுக்கு நம்மகிட்ட பூட்டுறதுக்கு கதவே இல்லை. இந்த ஃபோலேட் கதையில சென்னைக்கும் ஒரு பங்கு இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இது. லூசி வில்ஸ்னு ஒரு இங்கிலாந்து டாக்டர், 1928ல இருந்து இந்தியாவுல இருந்து, கர்ப்பிணிப் பெண்களுக்கு வர்ற ஒரு மோசமான ரத்தசோகையைப் பத்தி ஆராய்ஞ்சாங்க. பெரும்பாலும் பம்பாய், கோடைக்கு குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட், 1931 ஆரம்பத்துல மெட்ராஸ் கோஷா ஆஸ்பத்திரி. இப்பவும் திருவல்லிக்கேணியில பழைய ஆளுங்க கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரியை கோஷா ஆஸ்பத்திரின்னுதான் சொல்வாங்க, அதேதான். மார்மைட்னு ஒரு மலிவான ஈஸ்ட் விழுதைக் கொடுத்தா அந்தப் பெண்களுக்கு ரத்தம் ஊறுதுன்னு அவங்க காட்டுனாங்க. அந்த மார்மைட்ல இருந்த பொருள்தான் பின்னாடி ஃபோலேட்னு தெரிஞ்சது. அதை 1945 வாக்குல செயற்கையா செஞ்ச லெடர்லி ஆய்வுக்கூடக் குழுவுக்குத் தலைவர் எல்லாப்பிரகடா சுப்பாராவ், மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல படிச்சவர். தாய்மாருக்கு ரத்தம் ஊற வைக்கிற அதே வைட்டமினை கிருமிக்குக் கிடைக்காம பண்றதுதான் சல்ஃபாவோட வேலை.

இப்போ நாம கடையில பார்க்கிறது தனி சல்ஃபா இல்ல, ஜோடி. சல்ஃபமெத்தாக்சசோல் 400 மில்லிகிராம், டிரைமெத்தோபிரிம் 80 மில்லிகிராம், டிஎஸ்னு போட்டிருந்தா ரெண்டும் இரட்டிப்பு. டிரைமெத்தோபிரிம் அதே சமையல்ல அதுக்கு அடுத்த கட்டத்தை நிறுத்துது, அந்தக் கட்டத்து என்சைம் நம்மகிட்டயும் இருக்கு, ஆனா கிருமியோட என்சைமை இது ஆயிரக்கணக்கான மடங்கு இறுக்கமா பிடிக்கும். ஜார்ஜ் ஹிட்சிங்ஸ், கெர்ட்ரூட் எலியன் ரெண்டு பேரோட ஆய்வுக்கூடத்துல இருந்து வந்தது, 1988ல நோபல் வாங்குனவங்க. ஒரே வேலையை ரெண்டு இடத்துல மறிச்சதால நிறைய கிருமிகள் நிக்கிறதோட இல்லாம செத்தே போகும். 1968ல இருந்து இந்த ஜோடி புழக்கத்துல இருக்கு, கோட்ரைமாக்சசோல்னு பொதுப்பேர், செப்ட்ரான், பாக்ட்ரிம் எல்லாம் கம்பெனிப் பேர்.

பென்சிலின் கைக்கு வர்றதுக்கு முன்னாடி சல்ஃபா என்ன பண்ணுச்சுன்னு தெரியாம இதோட ஆபத்தை மட்டும் பேசுறது நியாயம் இல்லை. லண்டன்ல குயீன் ஷார்லட் ஆஸ்பத்திரியில பிரசவக் காய்ச்சல் வந்த தாய்மார்கள் நாலு பேர்ல ஒருத்தர் செத்துட்டு இருந்தாங்க. 1936ல லியோனார்ட் கோல்புரூக் அந்த வார்டுல இந்த மருந்தை ஆரம்பிச்சார், முதல் 64 பேர்ல இறந்தது 3 பேர். பிள்ளை பெத்து மூணாம் நாள் காய்ச்சல்ல போய்ச் சேர்ந்த பாட்டிமார் கதை நம்ம குடும்பங்கள்லயும் ஒண்ணாவது இருக்கும், அந்த எண்ணைப் படிக்கும்போது எனக்கு அதுதான் ஞாபகம் வந்துச்சு. 1943 டிசம்பர்ல சர்ச்சில் வட ஆப்பிரிக்காவுல நிமோனியாவுல படுத்தப்போ அவரை எழுப்பினதும் எம் அண்ட் பின்னு அழைக்கப்பட்ட ஒரு சல்ஃபாதான்.

கொடுமைன்னு சொன்னேன் இல்லையா, அது 1937 அமெரிக்காவுல. சல்ஃபனிலமைட் தண்ணியில சரியா கரையாது. குழந்தைகளுக்கு சிரப்பா வேணும்னு டென்னசி மாநிலத்து கம்பெனி ஒண்ணு அதை டைஎத்திலீன் கிளைக்கால்ங்குற திரவத்துல கரைச்சு, ராஸ்பெர்ரி வாசனை போட்டு, எலிக்சிர் சல்ஃபனிலமைட்னு பேர் வச்சு வித்துச்சு. அந்தத் திரவம் கிட்னியை அழிக்கிற விஷம். நச்சு சோதனை பண்ணிட்டுத்தான் விக்கணும்னு அன்னைக்கு சட்டமே இல்ல. 100க்கும் மேல ஆளுங்க செத்தாங்க, அதுல நிறைய குழந்தைங்க. செத்ததுக்குக் காரணம் சல்ஃபா இல்ல, அதைக் கரைச்ச திரவம். எலிக்சிர்னு போட்டா ஆல்கஹால் இருக்கணும், இதுல இல்ல, அதனால லேபிள் தப்புன்னு சொல்லித்தான் அரசாங்கத்தால சரக்கையே பறிமுதல் பண்ண முடிஞ்சது. அடுத்த வருஷமே, 1938ல, விக்கிறதுக்கு முன்னாடி பாதுகாப்பை நிரூபிக்கணும்னு சட்டம் வந்துச்சு. இதை ஏன் இவ்ளோ நீட்டி சொல்றேன்னா, 2025ல மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவுல இருமல் சிரப் குடிச்ச குழந்தைங்க கிட்னி போய் செத்தாங்களே, நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்துல தயாரான அந்த சிரப்ல இருந்ததும் அதே டைஎத்திலீன் கிளைக்கால்தான். 88 வருஷம் கழிச்சு. எழுதும்போதே கை நடுங்குது.

இன்னைக்கு இதை எதுக்கு கொடுக்கிறாங்க? யூரின் இன்ஃபெக்‌ஷன், கல்ச்சர்ல இந்த மருந்து கேக்கும்னு வந்தா. தோல்ல வர்ற சில பிடிவாதமான ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமிக் கட்டிகள். நொகார்டியா, டாக்ஸோபிளாஸ்மா மாதிரி அபூர்வமான தொற்றுகள், மெலியாய்டோசிஸ்னு நம்ம பக்கம் மழைக்காலத்துல மண்ணுல இருந்து சர்க்கரை நோயாளிகளுக்கு வர்ற ஒரு நோய்க்கு மாசக்கணக்குல. தீக்காயத்துக்குப் போடுற வெள்ளை கிரீம் சில்வர் சல்ஃபாடயசின். மூட்டுவாதத்துக்கும் பெருங்குடல் புண்ணுக்கும் கொடுக்கிற சல்ஃபசலசின் கூட இந்தக் குடும்பம்தான். இதையெல்லாம்விட பெரிய இடம் எச்ஐவி. இந்தியாவுல முதல் முதலா எச்ஐவி தொற்று கண்டுபிடிச்சது 1986ல சென்னையில, டாக்டர் சுனிதி சாலமனும் டாக்டர் நிர்மலாவும். எதிர்ப்பு சக்தி விழுந்தவங்களை மூச்சுத் திணற வச்சுக் கொல்ற நியூமோசிஸ்டிஸ் நிமோனியாவுக்கு மருந்தும் இதுதான், வராம தடுக்கிறதும் இதுதான். ஏஆர்டி சென்டர்ல, அதாவது எச்ஐவி மருந்து கொடுக்கிற அரசு மையத்துல, சிடி4ங்குற எதிர்ப்பு சக்தி செல் எண்ணிக்கை குறைவா இருக்கிறவங்களுக்கு தினம் ஒரு மாத்திரை இலவசமா கொடுக்கிறாங்க. ஜாம்பியாவுல எச்ஐவி இருந்த 534 குழந்தைகளை வச்சு 2004ல வந்த ஆய்வுல, வெறும் சிரப் குடிச்சவங்கள்ல 42 சதவீதம் பேர் இறந்தாங்க, இந்த மருந்து குடிச்சவங்கள்ல 28 சதவீதம். அந்த ஊர்ல கிருமிகள் இந்த மருந்துக்கு ஏற்கெனவே பழகிப் போயிருந்தும் இவ்ளோ வித்தியாசம். ரொம்ப மலிவான மாத்திரை இது.

நேரடியா சல்ஃபா இல்லாம அதே என்சைமை அடைக்கிற பங்காளி ஒண்ணு இருக்கு, டாப்சோன், தொழுநோய் மாத்திரை. 1940கள்ல செங்கல்பட்டு பக்கம் திருமணி தொழுநோய் ஆஸ்பத்திரியில ராபர்ட் காக்ரேன் அதை ஊசியா போட்டு பயன்படுத்திக் காட்டுனது உலக அளவுல முக்கியமான ஒண்ணு. அதுக்கு முன்னாடி நோயாளிகளுக்கு இருந்தது சால்முக்ரா எண்ணெயும் ஊரை விட்டு ஒதுங்கிப் போறதும்தான்.

இப்போ என் கேள்விக்கு வரேன். கிருமிக்கு மட்டும் உள்ள கதவை அடைக்கிற மருந்து நம்மளை ஏன் காயப்படுத்துது?

பிரான்டோசில் ஞாபகம் இருக்குல்ல, உடம்பு உடைச்சாத்தான் மருந்து. இங்கயும் அதேதான், உடைக்கிறது இன்னும் ஒரு படி தாண்டிப் போகுது. சல்ஃபா ஆன்டிபயாட்டிக் எல்லாத்துலயும் ஒரு ஓரத்துல அமைன் கொத்து ஒண்ணு நேரா வளையத்துல ஒட்டியிருக்கும், பிஏபிஏ மாதிரி வேஷம் போட அதுதான் தேவை. கல்லீரல் பெரும்பாலும் அதுல ஒரு அசிட்டைல் மூடியைப் போட்டு சாதுவாக்கி யூரின்ல அனுப்பிடும். மீதி கொஞ்சம் வேற வழியில போய் ஹைட்ராக்சிலமைன்னு ஒரு பொருளாகும், அது இன்னும் மாறி நைட்ரோசோனு ஒண்ணாகும், அது வெறி பிடிச்ச மாதிரி கிடைக்கிற புரதத்துல எல்லாம் ஒட்டும். நம்ம சொந்தப் புரதம்தான், ஆனா மேல ஒரு அந்நிய வால். எதிர்ப்பு சக்தி செல்கள் அதைப் பார்த்துட்டு எதிரின்னு முடிவு பண்ணிடும். அந்த மூடி போடுற என்சைம் சிலருக்கு வேகமா ஓடும், சிலருக்கு பிறவியிலயே மெதுவா, நம்ம ஊர்ல மெதுவா ஓடுறவங்க நிறைய, அவங்ககிட்ட அந்தக் கெட்ட வழியில போற அளவு கூடும். இந்த நச்சைத் தணிக்கிற குளூட்டாதையோன் எச்ஐவி உள்ளவங்ககிட்ட கம்மியா இருக்கும், அவங்களுக்கு சல்ஃபா தடிப்பு அதிகமா வர்றதுக்கு அதையும் ஒரு காரணமா சொல்றாங்க. ஆக கிருமியை நிறுத்துறது மருந்தோட உருவம், நம்மளைக் காயப்படுத்துறது அதை நம்ம கல்லீரல் உடைக்கிறப்போ வர்ற மிச்சம். மருந்தோட வேலைக்குத் தேவையான அதே அமைன் கொத்துலதான் ஆபத்தும் இருக்கு, அதை வெட்டிட்டா மருந்தே இல்லை.

பெரும்பாலும் இது ஒரு வாரம் பத்து நாள் கழிச்சு வர்ற அரிப்பு, தடிப்போட போயிடும். பயப்பட வேண்டியது தோல் உரியுற ஸ்டீவன்ஸ் ஜான்சன் நோய், அதோட மோசமான வடிவம் டாக்சிக் எபிடெர்மல் நெக்ரோலைசிஸ். ரொம்ப அரிது, லட்சக்கணக்கான பேர் சாப்பிட்டா விரல் விட்டு எண்ணுற அளவுதான், ஆனா உடம்புல 30 சதவீதத்துக்கு மேல தோல் உரிஞ்சவங்கள்ல கிட்டத்தட்ட மூணுல ஒருத்தர் பிழைக்கிறது இல்லை, பிழைச்சவங்கள்ல சிலருக்கு கண் பார்வை போகுது. இது மாத்திரை ஆரம்பிச்சு நாலு நாள்ல இருந்து நாலு வாரத்துக்குள்ள வரும், அதனால மாத்திரை நிறுத்தி ஒரு வாரம் ஆனப்புறம்கூட வரலாம், யாரும் சம்பந்தப்படுத்த மாட்டாங்க. தொடக்கம் சாதாரண காய்ச்சல் மாதிரி இருக்கும், தொண்டை வலி, கண் உறுத்தல். அப்புறம் தோல் அரிக்கிறதுக்குப் பதிலா வலிக்கும், வாய்க்குள்ள, உதட்டுல, கண்ணுல, பிறப்புறுப்புல புண் வரும். தோல் வலி, வாய்ப்புண், காய்ச்சல் மூணும் சேர்ந்து வந்தா அடுத்த வேளை மாத்திரையைப் போடாதீங்க, காலையில போலாம்னு காத்திருக்காம அன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க, மாத்திரை அட்டையை கையில எடுத்துட்டுப் போங்க. எவ்ளோ சீக்கிரம் மருந்து நிக்குதோ அவ்ளோ பிழைக்கிற வாய்ப்பு.

அலர்ஜி இல்லாத ஆபத்துகளும் இருக்கு, இதைத்தான் நம்ம வீட்டுப் பெரியவங்க விஷயத்துல அதிகம் கவனிக்கணும், ஏன்னா இது யாருக்கு வரும்னு முன்னாடியே தெரியும். டிரைமெத்தோபிரிம் கிட்னியில பொட்டாசியம் வெளியேறுற பாதையை அடைக்கும். டெல்மிசார்டன், லோசார்டன், ராமிப்ரில் மாதிரி பிரஷர் மாத்திரையும் பொட்டாசியத்தை ஏத்தும். ரெண்டும் சேர்ந்தா, அதுவும் வயசானவங்களுக்கு, கிட்னி கொஞ்சம் மட்டமா இருந்தா, பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே தப்பலாம். கனடாவுல ஒன்டாரியோ மாநிலத்துல வயசானவங்களை வச்சு பார்த்தப்போ, இந்த பிரஷர் மாத்திரையோட கோட்ரைமாக்சசோல் எடுத்தவங்க பொட்டாசியம் ஏறி ஆஸ்பத்திரியில சேர்ற வாய்ப்பு, அமாக்ஸிசிலின் எடுத்தவங்களைவிட கிட்டத்தட்ட 7 மடங்கு. பொட்டாசியத்தை உடம்புலயே தங்க வைக்கிற ஸ்பைரனோலாக்டோன் நீர் மாத்திரை சாப்பிடுறவங்களுக்கும் இதே கவலை. ரத்தம் உறையாம இருக்க வார்ஃபாரின் சாப்பிடுறவங்களுக்கு, ரத்தம் உறைய எவ்ளோ தாமதமாகுதுன்னு காட்டுற ஐஎன்ஆர் அளவு எகிறி ரத்தக் கசிவு வரலாம். மூட்டுவாதத்துக்கு வாரம் ஒரு தடவை மெத்தோட்ரெக்சேட் போடுறவங்க இதைச் சேர்த்தா எலும்பு மஜ்ஜையே படுத்துடும், ரெண்டும் ஃபோலேட்டைத்தான் அடிக்குது. கிளிமெபிரைட், கிளிபென்கிளமைட் மாதிரி சர்க்கரை மாத்திரையோட சேர்ந்தா சர்க்கரை கீழ விழும்.

பிறந்து ரெண்டு மாசம் ஆகாத குழந்தைக்கு பொதுவா இது கூடாது. 1950கள்ல குறைமாசக் குழந்தைகளுக்கு தொற்று வராம இருக்கட்டும்னு சல்ஃபா கொடுத்தாங்க, 1956ல வெளியான ஒரு அமெரிக்க ஆய்வுல அந்தக் குழந்தைங்கதான் அதிகமா செத்தாங்கன்னு தெரிஞ்சது. ரத்தத்துல புரதத்தோட ஒட்டியிருந்த மஞ்சள் காமாலைப் பொருளை சல்ஃபா தள்ளிவிட்டு, அது மூளைக்குள்ள போய்ச் சேர்ந்திருக்கு. நல்லது செய்யணும்னு கொடுத்ததுதான். கர்ப்பத்தோட முதல் மூணு மாசத்துலயும் பிரசவம் நெருங்கும்போதும் முடிஞ்சவரை தவிர்ப்பாங்க. ரத்த சிவப்பணுவைக் காக்கிற ஜி6பிடிங்குற என்சைம் பிறவியிலயே குறைவா இருக்கிறவங்களுக்கு ரத்த அணு உடையலாம், டாப்சோன்ல அது இன்னும் அதிகம். தண்ணி நிறைய குடிங்கன்னு சொல்றது பழைய சல்ஃபா யூரின்ல உப்பு மாதிரி படிஞ்ச காலத்துல வந்த பழக்கம், இப்பவும் நல்லதுதான்.

சல்ஃபா அலர்ஜின்னு சொன்னதும் நம்ம ஆளுங்க எதையெல்லாமோ நிறுத்துறாங்க. சல்ஃபா வேற, கந்தகம் வேற. கந்தகம் நம்ம உடம்புல, முட்டையில, வெங்காயத்துல எல்லாம் இருக்கு, அதுக்கு அலர்ஜியா இருந்து யாரும் வாழ முடியாது. சல்ஃபேட் உப்பு, உலர்பழத்துல போடுற சல்ஃபைட் ரெண்டும் இதுக்கு சொந்தமே இல்லை. அடுத்தது, சல்ஃபாவோட பக்கவிளைவைத் தேடிப் போயே வேற மருந்துகள் நிறைய பிறந்தது. 1942ல பிரான்ஸ் மான்பெல்லியேல டைஃபாய்டுக்கு ஒரு சல்ஃபா கொடுத்தா நோயாளிகளுக்கு சர்க்கரை விழுதேன்னு ஜான்போன் கவனிச்சார், அதுல இருந்து சர்க்கரை மாத்திரை வந்துச்சு. சல்ஃபனிலமைட் யூரினை மாத்துறதைக் கவனிச்சு நீர் பிரியுற மாத்திரைகள் வந்துச்சு. ஃப்ரூசிமைட் எல்லாம் அந்த வம்சம். ஆனா அதுல எல்லாம் நான் சொன்ன அந்த ஓர அமைன் கொத்து இல்லை, அதனால ஆன்டிபயாட்டிக் சல்ஃபாவுக்கு அலர்ஜின்னா இதுக்கும் கட்டாயம் வரும்னு அர்த்தம் இல்லை. 2003ல வந்த ஒரு பெரிய ஆய்வும் இதையேதான் சொல்லுச்சு, அலர்ஜி உடம்புக்காரங்களுக்கு எதுக்கு வேணும்னாலும் வரலாம், ஆன்டிபயாட்டிக் சல்ஃபாவுல இருந்து மத்த சல்ஃபாவுக்கு அலர்ஜி தாவுறது இல்லை. மூச்சு வாங்குற வயசானவருக்கு பேரைப் பார்த்து பயந்து நீர் மாத்திரையை நிறுத்துறது அவருக்குக் கெடுதல்.

பழகிப் போன கிருமியைப் பத்தி ஒரு வார்த்தை. கொனோரியா கிருமி 1940கள்லயே சல்ஃபாவை ஜெயிச்சுடுச்சு. அடைபடாத புது என்சைம் ஒண்ணை வச்சிருக்கிற ஜீன் கிருமிகளுக்குள்ள கைமாறிக்கிட்டே இருக்கு, 1980கள் கடைசியில டைஃபாய்டும் அந்த வரிசையில சேர்ந்துச்சு. வயித்தால போறதுக்கெல்லாம் ரெண்டு மாத்திரை வெட்டி வாங்குறது இதுக்கு நேரா தீனி போடுறது. எங்க வீட்லயும் அதைத்தான் பண்ணியிருக்கோம். மூணு தடவையும் அம்மாவுக்கு அந்த மாத்திரை தேவையே இல்லை, ஓஆர்எஸ் போதும்னு டாக்டர் சொன்னப்போ எனக்கு நெஞ்சு அடைச்சுப் போச்சு.

அன்னைக்கே ஒரு அட்டையில தமிழ்லயே எழுதி அம்மாவோட சுருக்குப் பையில வச்சுட்டேன், கோட்ரைமாக்சசோல், செப்ட்ரான், பாக்ட்ரிம், உதட்டுல புண் வந்தது, எந்த வருஷம், மறுபடி கொடுக்கக் கூடாது. சும்மா "சல்ஃபா அலர்ஜி"ன்னு மட்டும் எழுதாம மருந்துப் பேரும் என்ன ஆச்சுங்குறதும் எழுதச் சொன்னது அந்தத் தோல் டாக்டர். போன ஐப்பசியில அம்மாவுக்கு யூரின்ல எரிச்சல்னு கூட்டிட்டுப் போனோம், ட்யூட்டி டாக்டர் சின்னப் பொண்ணு, பிரிஸ்கிரிப்ஷன்ல பேனாவை வச்சுட்டு "எதாவது மருந்து ஒத்துக்காதாம்மா?"ன்னு கேட்டாங்க, அம்மா பேசாம பையைத் திறந்து அட்டையை நீட்டிட்டாங்க. அவங்க படிச்சுட்டு நைட்ரோஃபுரான்டாயின் எழுதுனாங்க. கால் வீக்கத்துக்கு சாப்பிடுற ஃப்ரூசிமைடை நிறுத்தணுமான்னு நான் கேட்டதுக்கு, அட்டையை இன்னொரு தடவை பார்த்துட்டு, வேண்டாம், அது சாப்பிடட்டும்னு சொன்னாங்க. அம்மா அட்டையைத் திருப்பி வாங்கி, வெத்தலைக்குப் பக்கத்துல வச்சு சுருக்கை இழுத்துக்கிட்டாங்க.